87 மதிப்பெண் காபியும் ஓர் அத்தையும்

ரோஸ்டரி கஃபே எனப்படுவது, தோட்டத்திலிருந்து பச்சைக் கொட்டையாக வந்து சேரும் காபியைத் தன் கூரையின்கீழேயே வறுத்து, வந்தவர் கண்ணெதிரே அரைத்து, நிறுத்து, வடித்து, அது பிறந்த மலை, விளைந்த உயரம், வறுபட்ட தேதி முதலிய ஜாதக விவரங்களை ஓர் அட்டையில் அச்சிட்டுக் கையில் கொடுக்கும் கடையாகும். இதனை 'வறுகளம்' என்று தமிழாக்கினால் அடுத்து ஒரு பரணி பாட வேண்டியிருக்கும் என்பதாலும், அங்கே செல்லும் எவரும் அவ்வாறு அழைப்பதில்லை என்பதாலும், இக்கட்டுரை ரோஸ்டரி என்னும் சொல்லையே கையாளுகிறது. காபி கிடைப்பதால் கடை என்றும், தராசும் வெப்பமானியும் கடிகாரமும் இருப்பதால் ஆய்வுக்கூடம் என்றும் அதனை வகைப்படுத்தலாம். எதைக் கேட்கக் கூடாது என்பது உள்ளே நுழைந்து கேட்ட பிறகே தெரியவருவதால் கோயில் என்று வகைப்படுத்துவோரும் உளர்.

சென்னையின் ஆழ்வார்பேட்டை, அடையாறு போன்ற பகுதிகளில் பழைய வீடுகளுக்குள் குடியேறிவரும் இக்கடைகள் பார்வைக்குப் புதுமையாக இருப்பினும், அவற்றின் தொழில் புதியதன்று. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ கும்பகோணத்திலோ வளர்ந்தவர் எவரும், கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் தெருமுனைக் கடையை அறிவர். அதற்குக் காபிப்பொடிக் கடை என்று பெயர். அங்கே உட்கார நாற்காலி கிடையாது, மெல்லிய இசை கிடையாது, வறுப்பவர் கையில் பச்சை குத்தியிருந்தால் அது தாயார் பெயராகவோ கட்சிச் சின்னமாகவோ இருக்குமேயன்றிக் காபிச் செடியின் கிளையாக இராது. ஆயினும் வாடிக்கையாளர் "பாதி பீபெரி, பாதி பிளாண்டேஷன் ஏ, சிக்கரி இருபது" என்று சங்கல்பம்போல் ஒப்பிக்க, கடைக்காரர் மறுபேச்சின்றிக் கலந்து தருவார். பீபெரி என்பது, ஒரு பழத்துக்குள் இரண்டு பாதிகளாக இருக்க வேண்டிய கொட்டை ஒன்றேயாகி உருண்டுவிட்ட வகை. பிளாண்டேஷன் ஏ என்பது ஏதோ ஒரு பெருந்தனக்காரரின் தோட்டம் என்றும், அவருடைய பெயர் 'அ' என்னும் எழுத்தில் தொடங்கும் என்றும் இக்கட்டுரையாளர் தம் நாற்பதாம் வயது வரை நம்பியிருந்தார். உண்மையில் அது, நீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகாக் கொட்டைகளுள் 6.65 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் தங்கிவிடும் பருமனுள்ளவற்றைக் குறிக்கும் வணிகத் தரமேயன்றி வேறில்லை. சிக்கரியோ காபிக்குத் தாயாதி முறைகூட இல்லாத வேறொரு செடியின் வேர். வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் டிக்காஷனுக்குக் கறுப்பும் கனமும் தருவது. காபியும் சிக்கரியும் கலந்த பொடியில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்று இந்திய உணவு விதி கூறுவதைக் கொண்டு, பெரும்பான்மை இருந்தால் ஆட்சி அமைக்கலாம் என்னும் கோட்பாடு தம்ளருக்குள்ளும் செல்லுபடியாவதை உணரலாம்.

இத்துணை நுணுக்கம் பேசிய இந்த மரபு, கொட்டை எந்த மலையில் விளைந்தது என்ற ஒன்றை மட்டும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கடைக்காரரிடம் விடை இருந்திராது. 1942ஆம் ஆண்டின் காபிச் சட்டத்தை ஒட்டி அமைந்த ஏற்பாட்டின்படி, விவசாயிகள் தம் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத்தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்ததால், அக்கறையோடு வளர்த்தவரின் கொட்டையும் அசிரத்தையாக வளர்த்தவரின் கொட்டையும் ஒரே தரத்தின்கீழ் ஒன்றாகிப் பெயர் இழந்து ஏலத்துக்குப் போயின. 1990களின் தொடக்கத்தில் தளரத் தொடங்கிய இந்த ஏற்பாடு 1996இல் முற்றிலும் விலகிய பின்னரே, ஒரு தோட்டக்காரர் தம் கொட்டையைத் தம் பெயரிலேயே விரும்பியவருக்கு விற்க முடிந்தது. ஊரைக் கூட்டிக் காபியின் பெருமை பேசிய மூன்று தலைமுறைத் தமிழர், தாம் குடித்தது யாருடைய காபி என்று அறியாமலே குடித்து முடித்தனர் என்பது இதனால் பெறப்படும்.

ரோஸ்டரிகள் விற்கும் பொருளுக்கு ஸ்பெஷால்டி காபி என்று பெயர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் காபி வணிகம் செய்த எர்னா குநூட்சன் என்னும் பெண்மணி, 1974இல் ஒரு வணிக இதழுக்கு அளித்த பேட்டியில் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பயிற்சி பெற்ற நாவினர் கொட்டையின் மணம், சுவை, புளிப்பு, கனம் முதலியவற்றை உறிஞ்சிப் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் இடுவர். 80க்குக் குறையாமல் வாங்கினால் அது ஸ்பெஷால்டி. கட்டுரையாளரின் பேட்டையிலுள்ள ரோஸ்டரியில் ஏற்காட்டுக் காபி ஒன்றின் அட்டையில் 87 என்று அச்சிடப்பட்டிருந்தது. உலக அளவில் இது மெச்சத்தக்க எண் என்றாலும், தமிழ்நாட்டு வீடுகளில் பிள்ளை 87 வாங்கி வந்தால் மீதி 13 எங்கே போயிற்று என்று கேட்பதே முறையாதலால், அதனை அத்தனை பெரிதாக அச்சிட்டு மாட்டியிருக்கும் துணிவு வியப்புக்குரியது.

இக்கடைகள் வார இறுதியில் 'ப்ரஞ்ச்' பரிமாறுகின்றன. காலை உணவையும் மதிய உணவையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் தலையும் வாலும் இழந்து ஒட்டிக்கொண்ட இச்சொல்லை, கை பெரிஞ்சர் என்னும் ஆங்கிலேயர் 1895இல் எழுதிய கட்டுரை ஒன்றில் முன்வைத்து, சனிக்கிழமை இரவு நெடுநேரம் களித்தவர் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து உண்பதற்கு இதுவே தக்கது என்று வாதிட்டார். பெரிஞ்சர் பிறப்பதற்கு முன்பே தமிழ்நாட்டில் இவ்வழக்கம் இருந்தது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று என்றாலும், அலுவலகம் செல்வோர் காலை ஒன்பதரை மணிக்கே சாம்பார், ரசம், மோர் என்று முழுச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, பிற்பகலை டிபனோடு முடித்துக்கொண்ட பத்து மணிச் சாப்பாட்டுக் காலத்தை நினைவுடையோர் இன்றும் உள்ளனர். அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை; ஆகவே விலையும் வைக்கவில்லை. ப்ரஞ்சில் இரண்டு வேளை உணவு ஒன்றாகிவிடுகிறதே தவிர, இரண்டு வேளையின் விலை ஒன்றாவதில்லை.

இனி, மேற்கண்ட கோட்பாடுகள் களத்தில் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் காணலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குக் கட்டுரையாளர் அந்த ரோஸ்டரிக்குச் செல்ல நேர்ந்தது. அழைத்துச் சென்றவர் அவருடைய மகள். உடன் வந்தவர், காபி விஷயத்தில் குடும்பத்தின் உச்ச நீதிமன்றமாக விளங்கும் 76 வயது அத்தை. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அத்தை, ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று என இரண்டு காபி குடித்துவிட்டே கிளம்பியவராதலால், மூன்றாவதை எந்தப் பதற்றமும் இன்றி விசாரிக்கும் நிலையில் இருந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வறுக்கும் எந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. பச்சைக் கொட்டை உருளைக்குள் சூடேறி, ஈரம் இழந்து, வைக்கோல் நிறமாகிப் பின் பழுப்பேறி, 195 டிகிரியை ஒட்டி உள்ளிருக்கும் ஆவியின் அழுத்தத்தால் சோளப்பொரிபோல் வெடிக்கத் தொடங்கும். இதனை முதல் வெடிப்பு என்பர். வெடித்துச் சற்று நேரத்திலேயே கொட்டையை வெளியே கொட்டிக் குளிர்விப்பது இப்புதிய நெறியின் கொள்கை, ஏனெனில் மேலும் வறுத்தால் மலையின் சுவை மறைந்து வறுப்பின் சுவையே மிஞ்சும் என்பது அவர்தம் வாதம். தட்டில் விழுந்த இலவங்கப்பட்டை நிறக் கொட்டைகளைக் கண்ட அத்தை, அடுப்பை அதற்குள் ஏன் அணைத்துவிட்டார்கள் என்றும், காஸ் தீர்ந்துவிட்டதா என்றும் கவலையோடு வினவினார். அவர் பிறந்த வீட்டில் கொட்டையை இரும்பு உருளையில் இட்டுக் கரியடுப்பின்மேல் கையால் சுற்றி வறுத்து, மேசை விளிம்பில் திருகிய கை எந்திரத்தில் அரைத்ததாகவும், எண்ணெய் மினுங்கும் கறுப்பு வந்தாலொழிய இறக்கியதில்லை என்றும் அவர் கூறியதைக் கேட்ட பரிஸ்டா இளைஞர், துக்க வீட்டில் நிற்பவர்போல் மரியாதையாகத் தலையசைத்தார். பரிஸ்டா என்பது காபி கலப்பவரைக் குறிக்கும் இத்தாலியச் சொல். நம் வழக்கில் காபி மாஸ்டர்.

மேசையில் சர்க்கரை இல்லை. உண்டாட்டியலில் இது சிறு செய்தி எனினும் பின்விளைவுகள் பெரியவை. சர்க்கரையைக் காணாத அத்தை, மகள் படித்துக்காட்டிய பட்டியலில் 'ஏற்காடு ஹனி' என்றொரு பெயர் வரக் கேட்டு, சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றித் தருகிறார்கள் போலும், உடம்புக்கும் நல்லது என்று முடிவு செய்து அதனையே கேட்டார். ஹனி என்பது ஒரு பதப்படுத்தும் முறையின் பெயர்: பழத்தின் தோலை நீக்கியபின் கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பான சதையைக் கழுவி எடுக்காமல் அப்படியே வெயிலில் உலர்த்துவது, அப்போது அது தேன்போல் பிசுபிசுக்கும் என்பதால் இப்பெயர். காபியில் தேன் ஒரு துளியும் இல்லை. மைசூர்பாகில் மைசூர் இல்லாததை அறுபதாண்டுகளாக ஏற்றுக்கொண்டவர் இதனை ஏற்க மறுத்ததற்கு நியாயம் இல்லைதான். ஆனால் மைசூர்பாகு 280 ரூபாய்க்கு ஒரு துண்டாக விற்கப்படுவதில்லை.

அட்டையில் ஆரஞ்சுத் தோல், நாட்டு வெல்லம், மல்லிகை என்று மூன்று சுவைகள் குறிக்கப்பட்டிருந்தன.

"இதெல்லாம் மேலே தூவித் தருவீங்களா தம்பி, கலந்தே வருமா?"

"எதுவும் சேர்க்க மாட்டோம் பாட்டி. குடிக்கும்போது அந்த ஞாபகம் வரும்."

ஞாபகத்துக்குக் காசு வாங்கும் வியாபாரத்தை அத்தை அதுவரை கண்டதில்லை.

வடிக்கும் சடங்கு மேசைக்கே வந்தது. வி60 என்னும் ஜப்பானியக் கருவி, வி என்ற எழுத்தின் வடிவில் 60 டிகிரிக் கோணத்தில் குறுகும் கூம்பு; அதனுள் காகித வடிகட்டி, அதனுள் 15 கிராம் பொடி. கொக்கின் கழுத்துப்போல் மூக்கு நீண்ட கெண்டியால் இளைஞர் 93 டிகிரி வெந்நீரைச் சிறிதளவு ஊற்றி, பொடி உப்பிக் குமிழிடும்படி அரை நிமிடம் காத்திருந்தார். வறுத்த கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியேறுவதற்கான இடைவெளி அது. பிறகு தராசையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தபடி, வட்டமிட்டு, 240 கிராம் எட்டும்வரை ஊற்றினார். அடிப்படையில் இது நம் பில்டரின் பங்காளியே: இங்கும் வெந்நீர் பொடியின் வழியே தன் எடையாலேயே இறங்குகிறது, காகிதத்துக்குப் பதில் நம்மிடம் நுண்துளைகளிட்ட எவர்சில்வர், மூன்று நிமிடத்துக்குப் பதில் முக்கால் மணி. ஆனால் நம் பில்டர் சொட்டும்போது வீட்டில் எவரும் அதன் எதிரே நின்று பார்ப்பதில்லை. அது தன் கடமையை அடுக்களை மேடையில் தனியே செய்துமுடிக்கும். மூன்று பேரை உட்கார்த்திவைத்து ஒருவர் நீர் ஊற்றுவதைப் பார்த்த அத்தை, இடையில் ஒருமுறை கைகூப்ப எண்ணியதாகப் பின்னர் தெரிவித்தார்.

கண்ணாடிக் குடுவையில் இறங்கியது தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. கள்ளிச்சொட்டுப் போன்ற டிக்காஷனை வாழ்நாளெல்லாம் கண்ட கண்கள் அதனைச் சிறிது நேரம் நோக்கின. முதல் டிக்காஷன் யாருக்குப் போயிற்று என்று அவர் கேட்டார். அப்படி ஒன்று இல்லை, இதுதான் முதலும் முடிவும் என்று இளைஞர் விளக்கினார். பால் கேட்கப்பட்டது; பால் சேர்த்தால் அந்த மலையின் நயம் தெரியாது என்று பணிவுடன் மறுக்கப்பட்டது. சர்க்கரை கேட்கப்பட்டது, முதலில் ஒரு வாய் அப்படியே குடித்துப் பார்க்கும்படி வேண்டப்பட்டது. புது மாப்பிள்ளையிடம்கூட இத்தனை நிபந்தனைகளை அத்தை ஏற்றதில்லை. காபி சூடாக இருக்கவே, அவர் தவராவைத் தேடினார். காதில்லாத பீங்கான் கிண்ணம் ஒன்றும் அக்கண்ணாடிக் குடுவையும் மட்டுமே அகப்பட்டன. ஒரு கணம் யோசித்தவர், குடுவையை இடக்கையிலும் கிண்ணத்தை வலக்கையிலும் ஏந்தி, முழ உயரத்திலிருந்து ஒரு சொட்டும் சிந்தாமல், இப்படியும் அப்படியுமாக நான்கு முறை ஆற்றினார். பக்கத்து மேசையில் மடிக்கணினியில் ஆழ்ந்திருந்தவர் அதை மூடிவைத்துவிட்டார். ஸ்பெஷால்டி உலகின் சுவைஞர்கள் காபியைக் கரண்டியால் அள்ளிக் காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுவதும், காற்றும் ஆறுதலும் சுவையை விரிக்கும் என்ற இதே காரணத்துக்காகத்தான் என்பதை இங்கே குறிப்பிடுவது பொருத்தம்.

ஒரு வாய் குடித்த அத்தை, கண்ணை மூடித் தீர்ப்பு வழங்கினார்: "எலுமிச்சம்பழ ரசம். பருப்பு போடாதது."

கட்டுரையாளர் இளைஞருக்காக வருந்தத் தொடங்கிய அதே நொடியில், இளைஞர் இடுப்புத் துணியிலிருந்து குறிப்பேட்டை எடுத்துவிட்டார். ஸ்பெஷால்டி அகராதியில் புளிப்பு வசைச்சொல் அன்று. உயர்ந்த மலையில் மெல்லப் பழுத்ததற்கான அடையாளமாக அது போற்றப்படும். எலுமிச்சைப் புளிப்பு, இலேசான கனம், அடியில் கசடில்லாத தெளிவு ஆகிய மூன்றையும் நான்கே சொற்களில் கூறிய ஒருவரை அவர் அதுவரை கண்டதில்லை. ஊக்கம் பெற்று அவர் அட்டையை நீட்டி ஒவ்வொன்றாகக் கேட்க, அத்தை தணிக்கையாளரைப்போல் வரிசையாகச் சரிபார்த்தார். ஆரஞ்சுத் தோல் இருக்கிறது. நார்த்தங்காய் என்றால் இன்னும் சரி. வெல்லம் உண்டு, ஆனால் பாகு முற்றவில்லை. மல்லிகை கிடையவே கிடையாது. எழுதியவர் சளிபிடித்திருந்தபோது எழுதியிருக்க வேண்டும். கிண்ணம் ஆறஆற அவர் மீண்டும் இரண்டு வாய் குடித்ததையும், சர்க்கரை வந்தபின்னும் அதன் காகித உறையைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டதையும் கட்டுரையாளர் கவனிக்கத் தவறவில்லை; ஆயினும் இவற்றுள் இரண்டாவது, ஒப்புதலுக்கு அன்றிச் சிக்கனத்துக்கே சான்றாகக் கொள்ளத்தக்கது.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. வெண்ணெய்ப்பழ டோஸ்ட் என்பது, புளிக்கவைத்த மாவில் சுட்ட ரொட்டியின்மேல் பழத்தை மசித்துப் பூசி உப்பும் மிளகாய்த் தூளும் தூவுவது. 1993இல் சிட்னியில் பில் கிரேஞ்சர் தொடங்கிய சிற்றுண்டியகத்தின் வழியே பெரும்புகழ் அடைந்து உலகைச் சுற்றியது. அப்பழமோ பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்டங்களுக்குள்ளேயே ஊடுபயிராக விளைவது; அங்குள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் அதில் டிகேடி 1 என்றொரு ரகமே வெளியிட்டிருக்கிறது. மலையில் ஒரே நிழலில் வளரக்கூடிய காபியும் பழமும், ஒன்று வறுபட்டும் மற்றது சிட்னி வழியாகவும் ஆழ்வார்பேட்டையில் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தபோது, அத்தை அடையாளம் கண்டது பழத்தை மட்டுமே. பட்டர் ஃப்ரூட்டைப் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஜூஸாகக் குடித்தவருக்கு, அதில் உப்பிட்டிருப்பது கைத்தவறாகத் தோன்றியது. ரொட்டியின் ஓரத்தை அவருடைய பல்வரிசை ஏற்கவில்லை. மாவு மூன்று நாள் புளித்தது என்று மகள் பெருமையாகக் கூறியதற்கு, மூன்றாம் நாள் மாவில் வீட்டில் ஊத்தப்பம்தான் வார்ப்பது வழக்கம் என்றும், விருந்தாளிக்கு வைப்பதில்லை என்றும் பதில் வந்தது. தட்டுக்குப் பதில் மரப்பலகையில் பரிமாறியிருந்ததை, பாத்திரம் தேய்க்கும் அம்மா அன்று வரவில்லை போலும் என்று அவர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். பில் தொகையை மகள் செல்பேசியில் செலுத்தியதால் அது எவ்வளவு என்பது அவருக்கு இன்றளவும் தெரியாது. குடும்ப நலன் கருதி இக்கட்டுரையும் அதனை வெளியிடவில்லை.

கிளம்பும்போது அத்தை அந்த ஏற்காட்டுக் கொட்டையில் 250 கிராம் வாங்கினார். எதற்கு அரைக்க வேண்டும் என்று இளைஞர் கேட்க, பில்டருக்கு என்றார். இச்சொல்லில்தான் விபத்து ஒளிந்திருந்தது. ரோஸ்டரி மொழியில் ஃபில்டர் என்றால் காகித வடிகட்டி, ஆகவே ரவைபோன்ற பருவெட்டு. நம் பில்டருக்கோ அதைவிட நயமான பொடி வேண்டும், அதற்கு அவர்களிடம் 'சவுத் இந்தியன் ஃபில்டர்' என்று தனிப்பெயர் உண்டு. மறுநாள் காலை அத்தை வழக்கம்போல் பொடியை இட்டு, காம்புள்ள தட்டால் அழுத்தி, கொதிநீர் ஊற்றி மூடிவிட்டுத் திரும்புவதற்குள் நீர் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. முக்கால் மணி சொட்ட வேண்டியது முக்கால் நிமிடத்தில் ஓடியதைக் கண்ட அவர், பில்டரில்தான் ஓட்டை விழுந்துவிட்டது என்று முதலில் ஐயுற்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ப்ரஞ்சுக்காக அன்றி நியாயம் கேட்பதற்காக, மிச்சப் பொடியையும் பித்தளைப் பில்டரையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். இளைஞர் தவற்றைத் தம் மேல் போட்டுக்கொண்டு, புதுக்கொட்டையை நயமாக அரைத்து, பில்டரைத் தராசின்மேல் ஏற்றி, பொடி எத்தனை கிராம் என்று கேட்டார். இந்த மோதிரக்கோடு வரைக்கும் என்று அத்தை பாத்திரத்தின் உட்புறத்தைத் தொட்டுக் காட்டினார். நீர் எத்தனை டிகிரி என்ற வினாவுக்கு, தளதளவென்று கொதிக்கணும் என்ற விடை கிடைத்தது. கடைசியாக, கடிகாரத்தை எவ்வளவு நேரத்துக்கு வைப்பது என்று அவர் கேட்டார்.

"பேப்பர் படிச்சு முடிக்கிற வரைக்கும்."

இளைஞர் கடிகாரத்தின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அதை அணைத்துவிட்டு, அன்றைய செய்தித்தாளைத் தேடி உள்ளே போனார்.